நிருஷாவின் மூன்றாவது கை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது நடந்தது. போன குளிர்காலம், கனடாவின் மொன்றியலில், விளக்கெல்லாம் பளபளவென்று எரிகிற ஒரு வேலைத்தலத்தில். பேய்க்கு இருட்டு வேண்டும், புளியமரம் வேண்டும் என்று யார் சொன்னது? ஜெயனியிடம் வந்தது பட்டப்பகலில். ஐந்தாம் மாடியில், ஹீட்டர் ஊதிக்கொண்டிருக்க வந்தது.

ஜெயனிக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு, தமிழ்ச் சனம் நிறைய இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில். வேலை அஹுன்ட்சிக் பக்கம், பழைய தையல் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில். நனைந்து பூஞ்சணம் பிடித்த ஆவணங்களைத் துப்புரவாக்கிப் படமெடுத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. பதினொரு வருடமாக அங்கேதான். கலியாணம் சரிவரவில்லை. தங்கைமாரின் கலியாணங்களுக்குச் சேலை மடித்துக் கொடுத்தே காலம் போயிற்று. ஒரே ஒருதரமாவது யாராவது தன்னைத் தெரிவுசெய்ய வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

அந்த வருடம் வந்து இறங்கியது ஒரு நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு, பெயர் வேண்டாமே. சூறாவளி கூரையைக் கொண்டுபோக, பிறப்புப் பதிவு, காணி உறுதிப்பத்திரம், கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாய் இருந்தவர்களின் பெயர்கள் என்று எல்லாம் கடல்தண்ணீரில் ஊறிவிட்டன. அழுகாமல் இருக்க அப்படியே உறையவைத்துக் கப்பலில் மொன்றியல் துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே காயவைத்துத் தாள் தாளாகப் படமெடுக்க வேண்டும். அந்தச் சனத்துக்குத் தங்கள் முன்னோர் யார் என்று காட்ட வேறு சாட்சி கிடையாது.

காய்ந்த தாள் அப்பளம் மாதிரி. தொட்டால் நொறுங்கும். ஒரு கை புரட்ட வேண்டும், மற்றக் கை விளிம்பை அமத்த வேண்டும், கால் பெடலை மிதிக்க வேண்டும். மேலே கமெரா ‘க்ளிக்’ என்னும். அதற்குள் மற்ற விளிம்பு எழும்பிவிடும். திரும்ப எடு. “மூண்டாவது கை ஒண்டு இருந்தா எவ்வளவு நல்லம்” என்று அங்கே புலம்பாத ஆள் இல்லை.

தீவிலிருந்து கேட்டிருந்தார்கள்: வேலை முடிந்ததும் ஒருவர் வந்து இரண்டு வருடம் தங்கி எங்கள் ஆட்களைப் பழக்க வேண்டும். நத்தாருக்குள், அதுதான் கிறிஸ்மஸுக்குள், யார் அதிகத் தாள் முடிக்கிறாரோ அவர்தான் என்றார் மேலாளர். ஜெயனி மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டாள்.

ஆனால் நிருஷா இருந்தாளே!

ஜெயனிதான் அவளைக் கூட்டி வந்து சேர்த்துவிட்டவள். இருபத்தாறு வயது. தீவின் காப்பகத்தில் வேலைசெய்கிற கொறின் என்ற பெண் அந்தப் பழைய பதிவேடுகளைப் புரட்டும் விதத்தை வீடியோவில் சில வாரம் அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நிருஷாவைப் பிடிக்க முடியவில்லை. ஜெயனி ஒரு கட்டு முடித்தால் அவள் இரண்டு கட்டு.

பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை. வயிறு பற்றி எரிந்தது. ‘உள்ளுக்கு எடுத்துவிட்டவள் நான். இப்ப என்ரை தலைக்கு மேல ஏறி நிக்கிறாள்’ என்று மெட்ரோ முழுக்க முணுமுணுத்துக்கொண்டு போனாள். வீட்டில் கறி அடிப்பிடித்தது. நித்திரையும் போயிற்று.

ஏதோ கள்ளம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் பார்த்து நிருஷா எடுத்த படங்களைத் திறந்தாள். எல்லாம் துப்புரவு. ஆனால் ஒவ்வொன்றின் மேல் மூலையிலும்... ஒரு விரல்நுனி. தாளை அமத்திப் பிடித்திருந்தது. தடித்த, கறுத்த விரல். நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் நுனி மட்டும் வெளிறிச் சுருங்கியிருந்தது. நிருஷாவின் விரலில்லை.

ஜெயனிக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! ஆரையோ கள்ளமாகக் கூட்டி வந்து வேலை வாங்குகிறாள். கையும் களவுமாகப் பிடித்தால் போதும், தீவு நமக்குத்தான்.

அன்று பிற்பகல் 4.20. டிசம்பரில் அந்த நேரமே வெளியே இருண்டுவிடும். ஜெயனி சத்தமில்லாமல் போய் நிருஷாவின் அறைக் கதவுக் கண்ணாடியால் பார்த்தாள்.

நிருஷா தனியே இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

சர்ர்... தாள் புரண்டது.

க்ளிக்.

சர்ர்... க்ளிக்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் ஓடியிருப்போம். ஜெயனி ஓடவில்லை. அவளுக்குப் பயமே வரவில்லை. ‘இவளுக்கு மட்டும் எப்பிடி?’ அதுதான் முதலில் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“எடியே, ஆர் உனக்கு உதவி?”

“போங்கோ அக்கா. கேக்காதேங்கோ.”

“எனக்கும் தந்தா என்ன, குறைஞ்சா போவாய்?”

நிருஷா அழுகையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் ஜெயனியையே பார்த்தாள்.

“உங்களுக்கு வேணுமெண்டு வாயால சொல்லுங்கோ.”

“ஓம். எனக்கு வேணும்.”

நிருஷா எழும்பினாள். ஜாக்கெட்டை ஒழுங்காகப் போடக்கூட இல்லை. அந்தக் குளிருக்குள், தொப்பியும் இல்லாமல் ஓடினாள். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவே இல்லை.

அடுத்த நாள் காலை ஜெயனி தன் மேசையில் முதல் தாளைத் தொட்டாள். மேல் விளிம்பு தானாக அமர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! மத்தியானத்துக்குள் இரண்டு கட்டு. மேலாளர் வந்து “பிராவோ” சொல்லிவிட்டுப் போனார். பதினொரு வருடத்தில் முதல் பிராவோ.

மூன்றாம் நாள், அவள் ஆயத்தமாவதற்கு முன்பே தாள் புரண்டது.

“கொஞ்சம் பொறு” என்றாள்.

பொறுக்கவில்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டாள். அப்போதும்... க்ளிக்.

அறையில் உப்புத்தண்ணீர் மணம். புரட்டப்போன அவள் கையின் மேல் ஏதோ படிந்தது. குளிர்ந்தது. ஈரமானது. விரலுக்கு மேல் விரலாக.

ஜெயனி கையை உதறிக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். கதவைப் பூட்டினாள். சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்தாள்.

சத்தம் நின்றிருந்தது.

திரையில் புதுப் படங்கள். அவள் இல்லாத நேரத்தில் எடுத்தவை. முதல் படத்தில் விரல்கள்... அடுத்ததில் மணிக்கட்டு... அடுத்ததில் முழங்கை.

கடைசிப் படம்.

இரண்டு கைகள்.

ஒன்று அந்த ஊறிய கை.

மற்றது... ஜெயனியின் கை. அவளுடைய வளையல். அவளுடைய மோதிரம்.

அந்த நேரம் அவள் கழிவறையில் அல்லவா நின்றாள்!

அன்றே வேலையை விட்டிருக்கலாம் என்பீர்கள். விட்டாளா? நத்தாருக்கு ஏழு நாள், ஒரு கிழமைதான் இருந்தது. நிருஷாவும் போய்விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முடித்தாள். தன் கை தெரிந்த படத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் அழித்தாள். பதவி அவளுக்கே கிடைத்தது. கேக் வெட்டினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்த பிறகும் அவள் காதருகில் ஒரு கைதட்டு... ஈரச் சத்தத்தோடு... நிற்க நேரம் பிடித்தது.

தை மாதம் தீவில் இறங்கினாள். காப்பகத்தின் பொறுப்பாளர் வேர்னா, அறுபது வயதுக்காரி, படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்த விரல்நுனி வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

“எஸ்மி” என்றாள்.

முப்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவளாம். எங்கே கண்டாலும் அந்த விரல் தெரியுமாம்.

வேர்னா சொன்னதை ஜெயனி சொன்னபடியே சொல்கிறேன். எஸ்மிக்கும் ஒரு கை உதவியது. அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. பைபிளைத் திறந்தாலும் புரட்டும், சுவரில் கலண்டரையும் புரட்டும். வேலையை விட்டுப் பார்த்தாள், வீட்டுக்கும் வந்தது. பார்த்துப் பொறாமைப்பட்டு, ‘எனக்கு வேண்டும்’ என்று யாராவது வாயால் கேட்டால்தான் போகும். எஸ்மி ஊமை மாதிரி, ஒதுங்கியே இருந்தவள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட யார் இருந்தார்கள்? ஒரு காலையில் மேசையிலேயே செத்துக் கிடந்தாள். அந்த வருடம் தீவில் மழையே இல்லை. அவளுடைய கைகள் மட்டும் தண்ணீரில் ஊறிக் கிடந்ததுபோல் இருந்தனவாம்.

பிறகு அந்த மேசைக்கு வந்தவள் கொறின். எஸ்மியின் வேகம் தனக்கும் வேண்டுமென்று சொன்ன நாளிலிருந்து ஒரு கை உதவத் தொடங்கியது. பழைய கை இல்லை. எஸ்மியின் கை. கொறினை வீடியோவில் பார்த்து நிருஷா கேட்டு வாங்கினாள்.

“உன்னிடம் அதை இதுவரை யாராவது கேட்டார்களா?” என்றாள் வேர்னா.

ஒருவரும் கேட்கவில்லை. வேர்னாவோ மேசைப்பக்கமே வரமாட்டாள். பழக வந்த பிள்ளைகள் ஜெயனியின் வேகத்தைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டு மற்ற அறைக்குப் போனார்கள்.

ஜெயனி நீலக் கடலைப் பின்னால் வைத்து, சிரித்துச் சிரித்து இணையத்தில் படம் போட்டாள். தென்னை, வெள்ளை மணல், புதுச் சட்டை, பதவி எழுதிய பெயர்ப்பலகை. யாராவது ஒருவர்... ஒரே ஒருவர் எரிச்சல்பட மாட்டாரா? பார்க் எக்ஸ்டென்ஷன் சனம் எழுதியது என்ன தெரியுமா? ‘பாவம், தனியப் போய்க் கிடக்கிறாள்.’ ‘கவனமாச் சாப்பிடுங்கோ.’ ‘கெதியா வந்து சேருங்கோ.’

போன கிழமை அவளுடைய வலக்கை விரல்நுனிகள் வெளிறத் தொடங்கின. ஐந்தும் சுருங்கிவிட்டன. துடைத்தாலும் காயவில்லை.

அன்றே நிருஷாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

“உண்மையைச் சொல்லடி. என்னைப் பாக்க உனக்குக் கொஞ்சமும் எரிச்சல் இல்லையோ? இஞ்சை கடல், வேலை, எல்லாம் உனக்கு வரவேண்டினது.”

“இல்லையக்கா.”

“எள்ளளவும்?”

“சத்தியமா இல்லையக்கா. உங்களுக்குக் கிடைச்சது எனக்குச் சரியான சந்தோசம்.”

ஜெயனி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

க்ளிக்.

ஃபோனை வைத்தது நிருஷா இல்லை. ஜெயனியும் இல்லை.