உடையார்கட்டில் வரைந்த தம்பியின் முகம்

காலையில் முதல் வேலையாக, முகத்தில் பூசிய பவுடரைக் கழுவினேன். "பவுடர் பூசாமல் வா, புருவத்தையும் தொடாதை" என்று ரஞ்சனி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பழக்கத்தில் கை முந்திவிட்டது.

ரஞ்சனி என்னோடு யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்தவள். இப்போது இருப்பது உடையார்கட்டில். கடைசிச் சண்டையில் காணாமல்போனவர்களின் முகங்களை, ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகளுக்காக வரைந்து கொடுக்கிறாள். என் தம்பி சுதனும் அப்படிப் போனவன்தான். படங்கள் இருந்த பை இடம்பெயர்வில் எங்கேயோ தவறிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். அம்மா எத்தனை தரம் கேட்டும் அவனை என்னால் வரைய முடியவில்லை. இந்த மாசியில், "அவளிட்டயாவது போய்க் கேள். மாலை போடுற படம் வேண்டாம், கதைக்கிற மாதிரி இருக்கவேணும்" என்றார். சனிக்கிழமை புறப்பட்டேன்.

வவுனியாவில் காலை ஆறரைக்கு யாழ்ப்பாண பஸ். பரந்தன் சந்திவரை ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். நடுவில் மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினார்கள். பரந்தனில் புதுக்குடியிருப்பு பஸ்ஸுக்கு மாறினால் இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர்வரை. காத்திருந்ததோடு சேர்த்து மூன்றரை மணித்தியாலம் போனது.

"உடையார்கட்டில எவடத்தில அக்கா இறக்கிறது?" என்றார் நடத்துநர்.

"சிங்கம் செய்யிற வீட்டடியில."

"சிங்கமோ? ஊர்ச்சனம் அதை நாயெண்டெல்லோ சொல்லுது!"

இறங்கிப் பார்த்தபோது அவரைக் குறைசொல்ல முடியவில்லை. ரஞ்சனியின் தமையன் குலம் அண்ணை கோயில் கோபுரங்களுக்குச் சீமெந்துச் சிலை செய்கிறவர். அவருடைய இரண்டு சிங்கங்கள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

ரஞ்சனி என்னை வாசல் வெளிச்சத்தில் கதிரை போட்டு இருத்தினாள். கூடப்பிறந்தவரின் முகத்தில் தொடங்கி அதை மெல்ல மாற்றிக்கொண்டு போவது அவளுடைய முறை. "இனி அவனைப் பற்றிக் கதை" என்றாள். தாளைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தாள். கிரிக்கெட்டில் அவுட் என்றால் சுதன் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்பிடியே இரடி!" என்று கத்தினாள்.

என் கீழுதடு முன்னே தள்ளியிருந்தது. அது என்னுடைய உதடல்ல.

குலம் அண்ணை சாந்துக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "இவள் பென்சிலால பொய் சொல்லுறாள், பிள்ளை. ஆக்களுக்குத் தெரிஞ்ச முகத்தில கை வைக்கக்கூடாது. ஒருத்தரும் காணாததைச் செய்யவேணும். அதுதான் கலை."

"ஓம், உங்கட சிங்கத்தை ஒருத்தரும் கண்டிருக்கமாட்டினம். சிங்கமே கண்டிராது" என்றாள் ரஞ்சனி.

அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். அவள் தலை நிமிராமல் தொடர்ந்தாள்: "ஆயிரம் பேர் கும்பிடத் தேவையில்லை அண்ணா. ஒரு மனிசி 'ஓம், இவன்தான்' எண்டால் எனக்குப் போதும்."

"இல்லை எண்டால்?" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கினம். ஒரு அம்மா, 'இது என்ர மற்றப் பிள்ளையெல்லோ' எண்டா. எண்டாலும் நெஞ்சோட பிடிச்சுக் கொண்டுபோனா."

தெரியாததைத் தெரிந்ததுபோல வரையக்கூடாது என்பதுதான் இத்தனை வருடமும் நான் பிடித்துக்கொண்டிருந்த கொள்கை. அந்த உதடு தாளில் வந்தபோது கொள்கை உதவிக்கு வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன்.

மத்தியானத்துக்குப் பிறகு படம் முடிந்தது, கண்களைத் தவிர. கோயிற் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்தானே. தமையனிடமிருந்து அதை எடுத்திருக்கிறாள். வீட்டார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் கண் வரைவாளாம். "நீ வரையத் தெரிஞ்சவள். வீட்ட போய் நீயே வை" என்றாள். ஓம் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் சுருட்டிய தாளை மடியில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது. சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டுமுன் நான் கடைசியாகக் கண்ட சுதனுக்குப் பதினாறு வயது. படத்தில் இருக்கிறவனுக்குப் பத்தொன்பது, காணாமல்போன வயது. அவன் வன்னியில் அம்மாவோடு இருந்தான், நான் யாழ்ப்பாணத்தில். இடையில் அவனுடைய கண்கள் என்னவெல்லாம் பார்த்தன, எப்படி மாறின என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

இப்படியொரு தேவைக்குப் போக இருப்பவர்களுக்கு: கூடப்பிறந்தவர்களில் அதிகம் முகச்சாயல் உள்ளவர் போகட்டும். தாய் பயணம் செய்யக்கூடியவர் என்றால் கட்டாயம் அவரையும் கூட்டிப்போங்கள். நான் அதைச் செய்யவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பரந்தன் பஸ்ஸை நம்பவேண்டாம். ரஞ்சனி வரைந்து தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் முகங்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், அவை யாரோ பெற்ற பிள்ளைகள்.

நாளைக்கு அம்மாவிடம் படத்தைக் கொடுக்கவேண்டும். கண்களை நான் வரையப்போவதில்லை. பென்சிலை அம்மாவின் கையில் கொடுக்கப்போகிறேன். கையெழுத்து வைக்கும்போது தவிர அவர் பேனை பிடித்து நான் கண்டதில்லை. கோணலாக வரலாம், ஒன்று பெரிதாக ஒன்று சின்னதாக வரலாம், தாளே கிழியலாம். இதை ரஞ்சனிக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அழிறப்பரை மட்டும் இப்போதே எடுத்து ஒளித்துவிட்டேன்.