ஹேசலும் பச்சைக் கண்ணாடி ஐஸ்கிரீம் வண்டியும்

இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஹேசல் பொறுப்பேற்றிருந்த பள்ளிக்கூடச் சமையலறையில் கஸ்டர்டு கட்டி தட்டியதாகச் சரித்திரமே கிடையாது. அதே கறாரோடுதான் பொம்மைக் கார்களையும் சேர்த்தாள். கார்கள் என்றால் விதவிதமான கார்கள் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு நீல ஐஸ்கிரீம் வண்டி. அறுபதுகளில் லண்டன் தொழிற்சாலை ஒன்று உலோகத்தில் வார்த்து விற்றது. அதில் மட்டும் நாற்பதுக்கு மேல் அவளிடம் இருந்தன.

"ஒண்ண வாங்கி நாப்பது தடவ பாத்தா ஆகாதா?" என்பான் கணவன் லென்.

"எல்லாம் ஒண்ணாவா தெரியுது உனக்கு? இதுக்குச் சக்கரம் சாம்பல், அதுக்குக் கறுப்பு. இதோட அடித்தட்டுல பேருக்குக் கீழ கோடு இருக்கு, அதுல இல்ல. இந்த ஸ்டிக்கர்ல கோன் எப்படிச் சாஞ்சிருக்கு பாரு."

"எனக்குத் தூசி மட்டுந்தான் தெரியுது."

தொழிற்சாலையில் அச்சு தேய்ந்தால் புதிதாக வெட்டியிருப்பார்கள். கறுப்புச் சக்கரம் தீர்ந்த அன்று சாம்பல் நிறத்தை மாட்டியிருப்பார்கள். அன்றைக்கு வேலை ஓடினால் போதும் என்று அவர்கள் செய்ததெல்லாம் ஹேசலின் ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்பிக்கொண்டிருந்தது.

மாதம் ஒரு ஞாயிறு ஊர் விளையாட்டுக் கூடத்தில் பழைய பொம்மைச் சந்தை நடக்கும். அங்கே ஹேசலுக்கு ஒரே எதிரி, குழாய் வேலை செய்யும் டெரிக் மோப்ரே. சின்ன வயதில் தன்னிடம் பச்சைக் கண்ணாடி வைத்த ஐஸ்கிரீம் வண்டி இருந்தது, அம்மா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லா வண்டிக்கும் கண்ணாடி நிறமில்லாத பிளாஸ்டிக்தான். ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் ஹேசல். போன வருஷம் அவன் பெருமையாகக் காட்டிய சிவப்பு அடித்தட்டை எல்லார் முன்னாலும் நகத்தால் சுரண்டி, "நெயில் பாலிஷ்" என்று தீர்ப்புச் சொன்னவளும் அவள்தான்.

அந்த மார்ச் மாதச் சந்தைக்கு டெரிக் கோட்டும் டையுமாக வந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே நீல வண்டி, கண்ணாடியெல்லாம் பச்சை.

"என் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பாலின் குடுத்தா. கார்பி பக்கம் ஏதோ பழைய சாமான் கடைல கெடச்சுதாம். எங்க ஹேசல்? கூப்புடுங்க அந்த மகாராணிய!"

கூட்டம் வழிவிட்டது. ஹேசல் பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் வண்டியைக் கவிழ்த்தாள். உடம்பையும் அடித்தட்டையும் பிணைக்கும் ரிவெட் தலையில், தொழிற்சாலையில் தெறித்த பெயிண்ட் கலையாமல் அப்படியே இருந்தது. யாரும் பிரித்து வேறு கண்ணாடி மாட்டவில்லை. அப்படியானால் அசலேதானா? பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். சாம்பல் சக்கரத்தின் ஓரத்தில் லேசாகப் பச்சை. ஸ்டிக்கரின் விளிம்பிலும் அதே பச்சை. வண்டியை முழுசாகத் துணிச்சாயத்தில் ஊறப்போட்டு எடுத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தாள். எதிரே தேநீர் மேசையில் டெரிக்கின் மனைவி பாலின் நின்றிருந்தாள். தேநீர் ஊற்றுவதற்கு யாராவது முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டுவார்களா? கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்துகொண்டிருந்தது. பாலின் அதைக் கவனிக்காமல், ஹேசலைப் பார்த்து 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டினாள்.

"என்ன, சுரண்டிப் பாக்கலியா?" என்றான் டெரிக். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் குரல் உடைந்தது.

ஹேசல் பூதக்கண்ணாடியை மூடி வைத்தாள். அவள் வாயால் இதுவரை ஒரு தப்பான தீர்ப்பு வந்ததில்லை.

"இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல டெரிக்," என்றாள். "உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும். வித்துடாத. யார் கைலயும் குடுக்காத. தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கூட்டம் கைதட்டியது. பாலின் கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த ஹேசலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷப் பேரை ஒரு சாய டப்பாவுக்குத் தாரை வார்த்துவிட்டேனே என்று புலம்பினாள். லென் அக்கறையாகக் கேட்டான்: "நான் வேணா நம்ம நாப்பதையும் சாயத்துல போட்டு எடுக்கட்டுமா?" அன்று அவன் தனியாக உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த சந்தையில் டெரிக் அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"ஒரு வாரமா வீட்டுல கையுறையோட திரிஞ்சாம்மா அவ. கேட்டா, கைல அரிப்புன்னா. பாத்திரம் கழுவுற தொட்டியப் பாத்தேன், தண்ணி போற ஓட்டை பூரா பச்சை. நான் குழாய்க்காரன், எனக்குத் தெரியாதா?"

"அடப்பாவி! தெரிஞ்சேதான் என்கிட்ட நீட்டினியா?"

"அத எல்லாருக்கும் காட்டணும்னு ஆசையா அவதான் சொன்னா. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அவ முன்னாடி நீ சுரண்டிடுவியோன்னுதான் பயந்தேன்." தேநீர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அறுபது வயசுல எனக்காக ஒருத்தி கைய பச்சையாக்கிக்கிட்டா ஹேசல்," என்றான்.

ஹேசல் மூக்கை உறிஞ்சினாள். தனக்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் மேசையில் புதிதாக வைத்திருந்த ஒரு வண்டியை எடுத்துக் கவிழ்த்தாள்.

"இது என்ன, கறுப்புச் சக்கரமா? மாத்தி மாட்டிருக்க."

"ஒரிஜினல்!"

"அச்சாணிய நசுக்கின தடம் தெரியுது. யாருகிட்ட கதை விடுற?"

கூட்டம் மறுபடி கூடியது. பாலின் வெறும் கையோடு இரண்டு தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.