சாமி துடுப்பு போட, நான் மீன் பிடிக்க

குளிர்காலத்தில் ஆற்றில் படகு விட்டு மீன் பிடிப்பது என்பது, மாட்டிக்கொள்ள மீனுக்கும் மனசில்லாமல், வாங்கித் தின்ன ஊருக்கும் வழியில்லாமல், நடுவில் நாம் மட்டும் நனைகிற தொழில்.

விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டு வேலைக்குக் கிளம்புகிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். பால்காரர், பேப்பர் போடுகிறவர், முதல் பஸ் கண்டக்டர், உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும். ஆனால் உங்களுக்கு மேலே மட்டும்தான் பனி. எனக்கு மேலே பனி, கீழே தண்ணீர், கையில் ஈர வலை.

கூட்டேரிப்பட்டுப் பக்கம் சங்கராபரணி ஆற்றில் ஒரு தடுப்பணை இருக்கிறது. மழை முடிந்ததும் அதற்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "இவ்ளோ தண்ணி இருக்குது, உனக்கு இன்னாப்பா கவல" என்பார்கள். தண்ணீர் இருக்கிறது, சரி. குளிர் வந்தால் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தீனிக்குக்கூட எழுந்து வராது. அப்படியும் நாலு மீன் கிடைத்தால் வாங்க ஆள் வேண்டுமே. கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் மாலை போட்டவர்கள். மீதிப் பேர் மாலை போட்டவர்களின் வீட்டார்.

என் மனைவி மல்லிகாவுக்கு இந்தத் தொழிலே பிடிக்காது என்று சொல்ல முடியாது. குளிரில் நான் இருமுகிற சத்தம்தான் பிடிக்காது. போன வருஷம் மார்கழி முழுக்க இருமினேன், தை முழுக்க மாத்திரை சாப்பிட்டேன். அதனால் இந்த வருஷம் அவள் தம்பி சேகர், கூட்டேரிப்பட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் சூப்பர்வைசராக இருக்கிறவன், தை முதல் தேதியிலிருந்து எனக்கு அங்கே ஒரு வேலை பேசி வைத்துவிட்டான். எனக்கு அந்த வேலை வேண்டாம். ஆறுதான் வேண்டும். முப்பது வருஷத்தில் ஆறு என்னிடம் ஒருநாள்கூட "ஏன் லேட்டு" என்று கேட்டதில்லை. மூன்று நாள் சண்டைக்குப் பிறகு மல்லிகா தீர்ப்பு சொன்னாள்: "பொங்கலுக்குள்ள ஊரே நின்னு பாக்கற மாதிரி ஒரு மீனு கொண்டா. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா பேசாம பங்க்குக்குப் போ."

திட்டக்கூடாத கூட்டாளி

என் படகில் துடுப்பு போடுகிறவன் தனபால். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன். எட்டு வருஷமாக அவன் துடுப்பு, நான் வலை. இந்தக் கார்த்திகையில் அவனும் மாலை போட்டுக்கொண்டான். மீன் பிடிக்கிறவன் விரதம் இருக்கலாமா என்று குருசாமியிடம் கேட்டிருக்கிறான். துடுப்பு போடலாம், மீனை மட்டும் தொடக்கூடாது என்று அவர் வழி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படகில் முன்பக்கம் அவனுக்கு, பின்பக்கம் எனக்கும் மீனுக்கும். நடுவில் ஒரு பலகை வைத்து எல்லை கட்டிவிட்டான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாலை போட்டவரை "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும், "டா" போடக் கூடாது, திட்டவே கூடாது. இங்கேதான் என் தொழில் படுத்தது. தனபாலைத் திட்டாமல் எப்படி மீன் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பனியில் நடு ஆறு வரைக்கும் போய்விட்டோம். வலையை எடுக்கத் திரும்பினால் வலையே இல்லை. கரையிலேயே கிடக்கிறது. படகில் வலை ஏற்றுவது எட்டு வருஷமாக அவன் வேலை. "வலையில மீன் வாட வந்துக்கினு இருந்திச்சி சாமி, அதான் தொடல" என்றான். என் வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன், கண்ணே கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "கோவப்படாதீங்க சாமி. திட்டறதெல்லாம் மனசுல சேத்து வெச்சிக்கோங்க. மாலைய எறக்கினதும் மொத்தமா வாங்கிக்கறேன்."

ஆற்றுக்கு ஒரு சுற்று

துடுப்பை வலப்பக்கம் நாலு தரம் போட்டால் இடப்பக்கம் நாலு தரம் போட வேண்டும். அப்போதுதான் படகு நேராகப் போகும். தனபாலுக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் சரணம் சொல்லிக்கொண்டே துடுப்பு போடுகிறவன், சரணம் முடிந்ததும் பக்கம் மாற்றுவதாக ஒரு கணக்கு வைத்திருந்தான். அவன் சரணம் முடிந்தால்தானே!

எதிரே கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. நானும் வலைக்கு இடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், அரை மணி நேரமாகப் போகிறோம், அக்கரை வரவில்லை. கடைசியில் ஒரு கரை தெரிந்தது. படித்துறையில் ஒருவர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பார்த்த அதே ஆள், அதே குச்சி. எச்சிலைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "மூணாவது தபா வர்றீங்க. ஆத்துக்கும் வேண்டுதல் எதனா இருக்குதா சாமி?"

பார்ப்பதற்கு விரதமில்லை

விழுப்புரத்தில் ஏதோ ஆபீஸில் வேலை செய்கிறவர் ஒருவர். தினமும் எங்கள் கரை வழியாகத்தான் ஸ்கூட்டரில் போவார். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். நான் படகை விட்டு இறங்கும் நேரத்துக்குச் சரியாக வண்டியை நிறுத்துவார். கூடையைத் திறக்கச் சொல்வார். "இது விரால்தானே? இத்த புளி கொஞ்சம் தூக்கலா வெச்சி, மாங்கா போட்டு, மண்சட்டில வெச்சா..." என்று கண்ணை மூடிக்கொள்வார். ஜிலேபிக் கெண்டைக்கு ஒரு செய்முறை, கெளுத்திக்கு ஒரு செய்முறை. ஒரு மீன்கூட வாங்கியதில்லை.

குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும்? ஒருநாள் கூடையை மூடிவிட்டு, "சாமி, மாலை போட்டுக்கினு இதெல்லாம் பேசலாமா?" என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. "குருசாமி சாப்பிடக் கூடாதுன்னுதான் சொன்னாரு. பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. தொறங்க, அந்தக் கெளுத்திய இன்னொரு தபா பாத்துக்கறேன்."

கடலை விட்டு வந்தவர்

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தார். வளைகுடாவில் வேலை, ஒரு மாத லீவில் வந்தவர். கையில் மடக்குகிற தூண்டில், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உடம்பில் இமயமலைக்குப் போகிற மாதிரி ஒரு ஜாக்கெட். தூண்டில் போட அரை நாள் படகு வேண்டும் என்றார். அரை நாளும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தக்கையும் ஆடவில்லை, அசையவில்லை. ஒருதரம் மட்டும் இழுத்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் குடம்.

எனக்கே பாவமாக இருந்தது. "பாய், உங்க வூட்டுக்கு எதுத்தாப்புலயே கடலு இருக்குது. அத்த வுட்டுட்டு இந்தக் குளிர்ல இவ்ளோ தூரம் வந்து ஏன் பேஜாரு?" என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். நடு ஆற்றில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க கரையில நிக்கறவங்க எல்லாம் தெரிஞ்சவங்கண்ணே. இங்க மீனு மாட்டலன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

இன்னொரு தரம் பிடிங்க

மார்கழி பாதி போயிற்று. பங்க் என் கனவில் வர ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து திண்டிவனத்திலிருந்து யூடியூப் சேனல்காரர் ஒருவர் வந்தார், குளிரில் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றிப் படம் எடுக்கிறாராம். என் அதிர்ஷ்டம், அன்றைக்கு வலையில் ஒரு விரால் புரண்டது. ஒரு முழத்துக்கு மேலே. ஊரே நின்று பார்க்காவிட்டாலும் ஒரு தெருவாவது நின்று பார்க்கும். கையில் தூக்கிக் காட்டினேன்.

"அண்ணே, போகஸ் ஆவல. தண்ணில வுட்டுட்டு அதே மாதிரி இன்னொரு தபா தூக்குங்க" என்றார். பத்திரமாகத்தான் விட்டேன், வாலைப் பிடித்துக்கொண்டுதான் விட்டேன். விராலுக்கு உடம்பெல்லாம் வழுக்கல், எனக்குக் கையெல்லாம் விறைப்பு. அது போயே போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். அவர் மட்டும் செல்போனைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார். "கவலப்படாதீங்கண்ணே. உங்க மூஞ்சி சூப்பரா வந்துக்குது. மீன எடிட்டிங்ல போட்டுக்கலாம்."

மீனை விட்டால் தூக்குவார்

தனபால் மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். அவன் போய்விட்டால் துடுப்பு போட ஆள் கிடையாது, மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பொங்கலும் போய்விடும். ஆக அன்றைக்கு விட்டால் எனக்கு பங்க்தான். ராத்திரியே ஆழத்தில் போட்டு வைத்த வலையை எடுக்கப் போனோம். பாதி இழுத்ததும் வலை என்னை இழுத்தது. ஒரு கட்லா. எட்டு கிலோவுக்குக் குறையாது. தலையே என் தலை அளவுக்கு இருந்தது. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருஷத் தொழில்காரன் படகில் எழுந்து நிற்கலாமா? அடுத்த நொடி தண்ணீருக்குள் கிடந்தேன்.

அந்தக் குளிரைச் சொல்லித் தெரிய வைக்க முடியாது. மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. ஒரு கை படகு விளிம்பில், இன்னொரு கை வலையோடு கட்லாவைக் கட்டிப் பிடித்திருக்கிறது. "தூக்குடா தனபாலு!" என்று கத்தினேன். கையை நீட்டினான். பாதியில் நிறுத்திவிட்டான். "சாமி, உங்க கைல மீனு இருக்குதே." இருந்தால் என்ன, என்னைத் தூக்கு என்றேன். "உங்கள தூக்கனா மீனையும் சேத்துத் தூக்கன மாதிரிதான ஆவும்? நாப்பத்தோரு நாளு வெரதம் சாமி." அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவனுக்கும் கண்ணில் தண்ணீர். என் உயிரா அவன் விரதமா என்று நிஜமாகவே தவிக்கிறான். எனக்கு அப்போது உயிர்கூட இரண்டாவதுதான். இந்த மீனை விட்டால் ஆறே போய்விடும். விட மாட்டேன் என்றேன்.

தனபால் நீட்டின கையை இழுத்துக்கொண்டான். பிறகு துடுப்பை எடுத்தான். சரணம் சொல்லாமல், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அந்த சீசனிலேயே முதல்முறையாக நேராகப் படகைச் செலுத்தினான். நான் தண்ணீரில் தொங்கிக்கொண்டே வந்தேன். "கெட்டியா புடிச்சிக்கோங்க சாமி. குருசாமி துடுப்பு போடறத வேணான்னு சொல்லல, ஜல்தியா போட்டுர்றேன்."

சட்டை

கரையில் நிஜமாகவே ஊர் நின்றது. ஸ்கூட்டர்காரர், பல் விளக்குகிறவர், டீக்கடையில் இருந்தவர்கள், எல்லோரும். மல்லிகாவும் சேகரும் அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கியிருந்தார்கள். சேகர் கையில் ஒரு கவர். நான் கட்லாவை இழுத்துக்கொண்டு வந்து மல்லிகா காலடியில் போட்டேன். இந்த நேரத்துக்கென்றே ஒரு மாதமாக ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். தாடை ஆடின ஆட்டத்தில் ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

மல்லிகா மீனைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். உதடு நீலமாகிவிட்டதாம், தொட்டுப் பார்த்தாள். "மீனு கேட்டேன், கொண்டாந்துட்ட. நான் சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன், இனிமே உன் ஆத்தப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்" என்றாள். சொல்லும்போதே உடைந்து அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எத்தனை மார்கழியாக இவள் இப்படி ஒவ்வொரு நாள் காலையும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளோ என்று அப்போதுதான் உறைத்தது. பெரிய மீனைப் பிடித்த அதே நிமிஷத்தில் நான் தோற்றுவிட்டேன்.

ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். போட்டுக்கொள்ள உலர்ந்த துணி வேண்டும். தனபாலின் துண்டு விரதத் துண்டு, மீன் பிடித்த உடம்பில் படக்கூடாது. ஸ்கூட்டர்காரர் கட்லாவைவிட்டுக் கண்ணை எடுப்பதாக இல்லை. கடைசியில் சேகர் தன் கவரைப் பிரித்தான். உள்ளே நீல நிறத்தில் ஒரு சட்டை, பாக்கெட்டில் பங்க்கின் பெயர் தைத்தது. நான் கையை நீட்டினேன். பட்டனை மல்லிகாதான் போட்டுவிட்டாள். சேகர் இரண்டடி தள்ளிப் போய் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "அளவு பாக்கத்தான் மாமா எடுத்துக்கினு வந்தேன். கரெக்டா இருக்குது."

ஆகவே குளிரில் வேலைக்குப் போகிற என் சொந்தங்களே, சவாலில் ஜெயித்த நான் இப்போது தினமும் காலை ஆறு மணிக்குக் கூட்டேரிப்பட்டில் கொஞ்சமும் நனையாமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு நிற்கிறேன், அதனால் பெரிய மீன் மாட்டினால் கரையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துவிட்டு அப்புறம் தண்ணீரில் விழுங்கள்.