அத்தான் மூச்சு விட்ட கதை

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். பெரிய கண்ணாடிக்கு எதிரே இருப்பது அத்தானுடையது, ஜன்னலோரம் இருப்பது என்னுடையது. என் அக்காவைக் கட்டியவர் என்பதற்காக அவருக்கு நல்ல நாற்காலி போய்விடவில்லை. ஆட்கள் வருவதே அவர் வாய்க்காகத்தான். வெட்டுக்குப் பதினைந்து நிமிடம், கதைக்கு இருபத்தைந்து. ஆனால் சவரக்கத்தி தொண்டைக்கு வந்துவிட்டால் கப்சிப். மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

போன வருடம் அவருக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அதை அறுத்து எடுத்தார்கள். நோய் போய்விட்டது. சிறுநீர்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆபரேஷனில் வைத்த சிறுநீர்க் குழாயை எடுத்த நாளிலிருந்து இருமினால் கசிவு, தும்மினால் கசிவு, சிரித்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் யாரும் வேடிக்கையாகப் பேசக்கூடாது என்று அக்காவின் உத்தரவு.

இரண்டு மாதம் கழித்து, இடுப்பில் ஈரம் உறிஞ்சும் பேடும் வாயில் பூட்டுமாகக் கடைக்கு வந்தார். சிரிக்கவைத்தால் தானும் சிரித்துவிடுவோமே என்று பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வாரம் நானே கதை சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. "நான் விலகிக்கிறேன்டா, நாற்காலிய நீயே எடுத்துக்கோ" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நேராக அக்காவிடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன்.

அக்கா விடுவாளா? அவரைப் பிசியோதெரபி பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். கசிவு நிற்க ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சியை நாள் தவறாமல் செய்கிறேன், ஒரு பயனும் இல்லை என்று அத்தான் முறையிட்டார். செய்துகாட்டச் சொல்லி வயிற்றில் கைவைத்த அந்தப் பெண், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தொண்டையில கத்தி வைக்கும்போது மூச்சு விடுவீங்களா?"

"விட்டா கை ஆடும்மா."

"அதேதான் இங்கயும் பண்றீங்க. மூச்சப் பிடிச்சா வயிறு இறுகி கீழ அழுத்தும். நாம தூக்க வேண்டிய தசை மேல வரவே வராது."

சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல் அந்தத் தசையை உள்ளே இழுத்துத் தூக்க வேண்டும். தொடையும் பின்புறமும் சும்மா இருக்க வேண்டும். பத்து எண்ணி, தளர்த்தி, மறுபடி. பேசிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும் என்றாள். இருமலோ சிரிப்போ வருவதற்கு முன்னால் ஒரு இறுக்கு.

வாயாடுவதற்கு வைத்தியச் சிபாரிசு வாங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன். மறுநாளே கடையில் கதை ஆரம்பமாகிவிட்டது. சிரிப்பு வரப்போகிற வரிக்கு முன்னால் அத்தான் ஒரு கணம் நிறுத்துவார். கீழே இறுக்குகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். கேட்கிறவர்களோ அந்த ஒரு கணத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், பிறகு இரண்டு மடங்கு சிரிப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மனுஷன் இன்னும் நன்றாகக் கதை சொல்கிறார் என்று பேச்சு பரவியது. நாளுக்கு நான்கு பேட் என்பது மூன்று மாதத்தில் ஒன்றாகக் குறைந்தது.

ஒருநாள் லாரி ஓட்டும் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், முகத்தில் நுரையோடு ஏதோ சொல்லிவைத்தார். அத்தான் இறுக்க மறந்துவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"மச்சான், ஒரு சொட்டு இல்லடா."

எல்லோரும் விழித்தார்கள். லாரிக்காரர் மட்டும் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, அடுத்த மாதம் தனக்கும் அதே ஆபரேஷன் என்றும், அப்புறம் எப்படி நாளெல்லாம் வண்டி ஓட்டுவது என்றும் கேட்டார்.

அத்தான் அவர் தலையைச் சாய்த்து, கத்தியைத் தொண்டையில் வைத்தார். லாரிக்காரர் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்ச விடுங்கண்ணே" என்றார் அத்தான். "மொதல் பாடமே அதான்." கத்தி தொண்டையில் இருக்க அவர் பேசிக் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. கை ஆடவில்லை.