மச்சினியின் களைக்காத பொடி

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘குமிழி’தான். பதினெட்டு வருடமாகக் குடுவைக்குள் கிளம்பும் குமிழிகளைக் கண்கொட்டாமல் பார்த்தே வயிறு வளர்ப்பவர். ஹைட்ரஜனைத் தனக்குள் பூட்டிவைத்திருக்கும் ஒரு வெள்ளைப் பொடியை நீரில் கரைத்து, நானோ உலோகத் துகள்கள் பதித்த கறுப்புப் பொடியை ஒரு சிட்டிகை போட்டால், பூட்டுத் திறந்து வாயு கிளம்பும். கறுப்புப் பொடியை வடிகட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி போடலாம். எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்பதுதான் கேள்வி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிட்டால் கதை முடிந்தது.

அவர் செய்த பொடி ஒன்பதாம் சுற்றில் மூச்சு வாங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் அவரே விண்ணப்பம் நிரப்பி இதே கூடத்தில் சேர்த்துவிட்ட மனைவியின் தங்கை செய்த பொடியோ, இருபதைத் தாண்டியும் அசரவில்லை. பெரிய கலனில் சோதிக்க இரண்டில் ஒன்றைத்தான் அனுப்புவார்கள். திங்கட்கிழமை முடிவு.

“என் தங்கச்சி பொடி இருபது தடவை ஓடுச்சாமே! அதுக்கு நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி.

“யாரு தூக்கி வச்சா? என் மூஞ்சியே இப்படித்தான்.”

“அப்போ கல்யாணத்தன்னைக்கு வேற மூஞ்சிய மாட்டிக்கிட்டு வந்தீங்களாக்கும்.”

அன்றிரவு சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஒரு யோசனை முளைத்தது. குடுவைக்குள் சுழன்று கலக்கும் சிறிய வெள்ளைக் காந்தம்! அதன் கீறல்களில் பழைய பொடியின் உலோகம் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு கழுவினாலும் போகாது. காந்தமே வேலையைச் செய்யும். பேர் பொடிக்குப் போகும்.

மச்சினி சாப்பிடப் போன நேரம் பார்த்து அவளுடைய காந்தத்தை எடுத்தார். கறுப்புப் பொடி போடாத கரைசலில் சுழலவிட்டார். ஒரு குமிழி வந்தால் போதும், இருபதும் பொய். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றுகூட வரவில்லை. கரைசலில்தான் ஏதோ கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தன் காந்தத்தைப் போட்டுப் பார்த்தார்.

இரண்டே நிமிடத்தில் குமிழிகள் கொப்பளித்தன.

“அத்தான், என் காந்தம் உங்க மேசையில என்ன பண்ணுது?” பின்னால் வந்து நின்றாள் மச்சினி.

“சோதிச்சுப் பார்த்தேன்.”

“எதுக்கு?”

“உன்னோடது பொய்யா இருக்கணும்னு.”

அவள் குடுவையைப் பார்த்தாள். பொடி இல்லை, குமிழி மட்டும் இருந்தது. புரிந்துகொண்டாள். “ஒன்பதுன்னு அறிக்கையில எழுதிட்டீங்களே, அத்தான்” என்றாள் மெதுவாக. பிறகு, “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். புதுக் காந்தத்தோடு முதலிலிருந்து தொடங்கினார். பொடி நான்கு சுற்றோடு படுத்துவிட்டது. திங்கட்கிழமை காலை அறிக்கையில் ஒன்பதை அடித்து, ‘நான்கு’ என்று தன் கையாலேயே எழுதித் தலைமை விஞ்ஞானியின் மேசையில் வைத்தார். நேர்மைக்காக அல்ல; அவள் தயவில் ஒன்பதாக இருப்பதை அவரால் சகிக்க முடியவில்லை.