பேரம் படியாத ரத்தக் கணக்கு

தேங்காய் வாங்குவதைவிட ரத்தம் வாங்குகிற தொழில் கஷ்டம், தேங்காய் "எதுக்குங்க?" என்று திருப்பிக் கேட்காது. வாசல் வாசலாக ஏறி வசவு வாங்கிப் பிழைக்கிற சகாக்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். எட்டாவதோடு உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டியில் தரகுக்கு இறங்கியவன் நான். கோபம் மூக்கு நுனியில். என் வாயை நம்பி, கோவையில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் வேலை கொடுத்தது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளின் வீடுகளில் நர்ஸ் ரத்தம் எடுப்பார். சம்மதம் வாங்குவது என் பாடு.

கிணத்துக்கடவு வாசல்

செல்வியின் மகளுக்கு ஐந்து வயது. இடி இடித்தாலும் திரும்பாது. "எல்லாம் உன்ற பொறந்த ஊட்டுக் கோளாறு" என்று மாமியார் குத்திக் குத்தி, மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு வரைக்கும் போய்விட்டது. நான் வழக்கம்போல வாக்குறுதிகளை அள்ளிவிட்டேன். கையை நீட்டிக்கொண்டே செல்வி நிறுத்தினாள்: "ஏனுங்ணா, பேச்செல்லாம் வேண்டாமுங்க. எந்த ஊட்டு வழியா வந்துச்சுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

கூறு

அதைச் சொல்ல வேண்டியவள் எங்கள் கூடத்துப் புள்ளியியல்காரி தேன்மொழி, ஆனைமலைப் பெண். செல்வி மகளின் ஜீன் ஒன்றில் இரண்டு மாற்றங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். "அப்புறமென்ன, சொல்லிப்போட வேண்டியதுதானே?" என்று எகிறினேன். அவள் அசையவில்லை. இந்த மாற்றங்கள் அபூர்வம், வேறு எந்தப் பிள்ளையிடமும் இல்லை, ஒரு பிள்ளையை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்றாள். அதனால் அதே ஜீனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இருக்கிற அபூர்வ மாற்றங்களையெல்லாம் சேர்த்து ஒரு கூறாகக் கட்டுவாளாம். கெடுதல் செய்யாததைப் பொறுக்கித் தள்ளிவிட்டு, காது கேட்பவர்களின் கூறோடு ஒப்பிடுவாளாம். மண்டியில் அழுகல் பிரிக்கிற கண், இவளுக்குக் கம்ப்யூட்டரில்! என்னையே திருப்பிக் கேட்டாள்: "ஒத்தைத் தேங்காயப் பார்த்துத் தோப்புக்கே வெலை பேசுவீங்களாண்ணா?"

குலக் கோயில் பொங்கல்

காது கேட்பவர்களின் ரத்தமும் வேண்டுமே. ஊர் ஊராக அலைவானேன் என்று ஒரு குலக் கோயில் பொங்கலுக்குப் போனேன். ஒரே காலையில் அறுபது பேர்! மீசையை முறுக்கிக்கொண்டு ரத்தப் பெட்டியைத் தேன்மொழி முன்னால் வைத்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஒதுக்கினாள். பங்காளிகள், ஒருவருக்கு இருக்கிற அபூர்வம் பாதிப் பேருக்கு இருக்கும், கணக்கு கோணிவிடும் என்றாள். ஃபைலை வீசினேன், கத்தினேன், கடைசியில் "பாதியாச்சும் வெச்சுக்க அம்மணி" என்று பேரத்துக்கு இறங்கினேன். சிரிக்காமல் சொன்னாள்: "அறுவது பேரில்லீங்ணா. ஒரே பாட்டன் அறுவது தடவை வந்திருக்காரு."

கோடு

அப்புறம் குலத்துக்கு ஒருவர் என்று தேடித் தேடி வாங்கி வந்தேன். இதைத் தாண்டினால்தான் நம்பலாம் என்று தேன்மொழி முன்கூட்டியே ஒரு கோடு போட்டிருந்தாள்; கணக்கு அதற்கு மயிரிழை இந்தப் பக்கம் நின்றது. செல்வி வாரம் தவறாமல் போனில் கேட்கிறாள். மாமியார் கல்யாணத் தரகரையே வரச்சொல்லிவிட்டாளாம். "மயிரிழைதானே, கொஞ்சம் இறங்கி வா கண்ணு" என்று தேன்மொழியிடம் கெஞ்சினேன். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. கோடு மட்டும் நகரவில்லை. "ஆயிரக்கணக்கான ஜீனைத் தொழாவறமுங்ணா. நான் எறங்கினா, சும்மா தற்செயலா நிக்கறதுகூட உள்ள வந்துரும். அதைய நம்பியா செல்விக்குப் பதில் சொல்லுவீங்க?"

பதில்

கோபத்தை நடையில் காட்டினேன். காது கேளாத பிள்ளைகள் உள்ள இன்னும் இருபது குடும்பங்கள் சேர்ந்தன. கணக்கு கோட்டைத் தாண்டியது. எங்கள் கூடத்து டாக்டரோடு கிணத்துக்கடவு போனேன். ஒரு மாற்றம் அப்பன் வழி, ஒன்று அம்மா வழி. ஒன்று மட்டும் இருந்தால் காது கேட்கும், இரண்டும் சேர்ந்தால்தான் கேட்காது, யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் படித்தார். செல்வி அழவில்லை. உள்ளே மாமியார் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்திச் சொன்னாள்: "அந்த அப்பன் வழிங்கறதை மட்டும் இன்னொருக்காச் சத்தமாப் படிங்க டாக்டர்."

முப்பது வருஷம் பேரத்தில் ஜெயித்துச் சேர்த்ததையெல்லாம் விட, மயிரிழைகூட இறங்காத ஒருத்தியிடம் தோற்றதுதான் நான் செய்த ஒரே உருப்படியான வியாபாரம்.