காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டினேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் வளர்த்தேன். செத்துப்போன தங்கச்சியின் இரண்டையும் சேர்த்து வளர்த்தேன். எட்டும் ஆளாகி நிற்கிறது. எங்கள் தெருவில் குழந்தைக்கு இருமல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான், போன பங்குனியில் கைகால் ஓய்ந்து மாரியம்மன் வாசலில் விழுந்தேன். செவ்வாய்க்கிழமை விளக்குப் பூசைக்கு வருகிற நீங்கள் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கல்லல் பக்கம். பிரசவத்துக்கு வந்த கடைசி மகள் செல்வி, கைக்குழந்தையோடு என் வீட்டில் இருந்தாள். மருமகன் சிங்கப்பூரில். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. முளைப்பாரி எடுக்கிறவள் நான். என் கையிலும் மஞ்சள் காப்பு. அதைக் கட்டிக்கொண்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. வாழ வந்த நாளிலிருந்து ஒரு வருடமும் நான் அதை மீறியதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேரனுக்குச் சளி பிடித்தது. திருவிழாவுக்கு வந்த கூட்டத்தின் கண் படக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்று துணியில் இறுகச் சுற்றி, தலைக்குக் குல்லாய் போட்டு வைத்திருந்தோம். முகம் மட்டும்தான் தெரியும். உடம்பு சுடவில்லை. அதனால் தைரியமாக இருந்தோம். பிறகு அழுகையும் நின்றது. பாலுக்குப் போட்டால் ஒன்றிரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயை எடுத்துவிடுவான்.

"பாத்தீகளா அத்தாச்சி, இப்பத்தேன் அசந்து தூங்குறான். மாந்தம் எறங்குது" என்றாள் என் நாத்தனார் வள்ளி.

"அம்மா, இவன் பாலே குடிக்கலம்மா. காரைக்குடிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்றாள் செல்வி.

"போனா அட்மிட்டுனு படுக்கப் போட்ருவாக. காப்போட உங்கம்மா அங்குட்டு எப்புடிடீ ராத்தங்குவாக? திருவிழா முடிஞ்சு சாமி மலையேறட்டும், போகலாம்."

"அதுவரைக்கும் இவன் இருப்பானா அத்தை?"

"வாயைக் கழுவுடி!"

எனக்கு இரண்டு பக்கமும் பயம். போனால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாளோ? போகாமல் இருந்து பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? வெயில் தாழ்வதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு நடந்தேன். செல்வி அழுதுகொண்டே பின்னால் வந்தாள். வாசலில் விழுந்து, "என்ன செய்யட்டும்னு நீயே காட்டு தாயே" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்க வாய் வரவில்லை.

பூசாரி திருநீறு எடுத்து வந்தார். "நெஞ்சுல பூசணும் தங்கச்சி. துணிய அவுருங்க" என்றார்.

அவிழ்த்தேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்து போனது. ஓடிக் களைத்த நாய்க்குட்டிக்கு அடிக்கிற மாதிரி நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. அது தூக்கம் இல்லை. எட்டுப் பிள்ளை வளர்த்த கண்ணுக்குத் துணி மறைத்ததை ஆத்தாள் காட்டிவிட்டாள்.

பூசாரி என் மணிக்கட்டைப் பார்த்தார். "காப்பு..." என்று இழுத்தார்.

"பேசாம இருங்கண்ணே. எனக்கு ஆத்தா காட்டிட்டா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்ததுமே மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பைத் தேடி ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி.

"நிமோனியா ஆத்தா. நுரையீரல்ல கிருமி. இவ்வளவு நேரம் ஏன் வச்சிருந்தீக?"

"காய்ச்சல் இல்லையேத்தா."

"கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமயும் வரும். மூச்சு வேகமா இருந்தாலோ, நெஞ்சு குழிஞ்சாலோ, பால் குடிக்காமத் துவண்டு கெடந்தாலோ ஒடனே தூக்கிட்டு வந்துரணும். மூக்குல எண்ணெய் கிண்ணெய் விட்டீகளா?"

"அந்தப் பழக்கம் எங்க வீட்டுல கெடையாது" என்றேன்.

"நல்லவேளை. விட்டிருந்தா நெஞ்சுக்குள்ள போய் இன்னும் மோசமாயிருக்கும்."

வள்ளி போன் போட்டாள். "காப்போட வெளிய தங்கிட்டீக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உங்களத்தேன் சொல்லும் அத்தாச்சி."

"சொல்லட்டும்டி. நீ முளைப்பாரிக்குத் தண்ணி தெளி."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, போனை வைத்ததும் பழைய பயம் வந்துவிட்டது. கையில் இருந்த காப்பையே பிடித்துக்கொண்டு கிடந்தேன். "கோபமிருந்தால் என்னைத் தண்டி, பச்சைப்பிள்ளையை விட்டுவிடு" என்றே வேண்டினேன். பிள்ளை அசைவில்லாமல் கிடந்தான். டாக்டரம்மாவும் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னாள். பிறகு ஒரு காலையில், பசித்து வீறிட்டு அழுதான். அந்தச் சத்தம் போல் ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. செல்வி மார்பில் போட்டதும் விடாமல் குடித்தான். மருந்து கொடுத்தது டாக்டர். எனக்குக் கண்ணைக் கொடுத்தது ஆத்தாள்.

முளைப்பாரியை வள்ளி எடுத்தாள். ஊரில் சில பேர் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருக்கட்டும். இன்றைக்கும் பேரன் லேசாக இருமினால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். முன்பெல்லாம் கூப்பிட்ட வீட்டுக்குக் கைவைத்தியம் சொல்வேன். இப்போது முதலில் துணியை அவிழ்த்து, வெளிச்சத்தில் நெஞ்சைப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள் பெண்மக்களே. ஆத்தாளை நம்புங்கள். வேண்டிக்கொண்டே வண்டி ஏறுங்கள். ஏறினால் தடுக்க மாட்டாள்.

எழுத்துக் கூட்டி இவ்வளவுதான் எழுத முடிந்தது. பேத்தி காயத்ரி, பூசையில் இதை வாசிக்கும்போது நீ பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி ஓடாதே. அப்பத்தா எழுதியதை நிறுத்தி, சத்தமாக வாசி. வள்ளியும் வந்து உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் கேட்கட்டும்.